நோர்வூட்டுக்கு ரயில் விட்ட ஏஜென்ட்

இணையத்தில் தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. ஆளுக்கு எழுதுகிறோமா, தேடுபொறிக்கு எழுதுகிறோமா என்ற குழப்பம் இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் இருக்கும். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உட்கார்ந்து விடுதிகளுக்கு எழுதுகிறேன். போன வருடம் உதவிக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்துக்கொண்டேன்.

இல்லாத ஸ்டேஷன்

செல்வராணி அக்கா முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நோர்வூட்டுக்கு மேலே இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார். ஏப்ரல் சீசனுக்கு ஆள் வராவிட்டால் கணவர் மகேந்திரன் மறுபடி கொழும்புக் கடை வேலைக்குப் போகவேண்டும். அவர் திரும்பி வந்தே ஆறு மாதம்தான். அக்காவுக்கு அதுதான் பயம்.

தோட்டத்தில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் ஆளுக்கொரு மலை பிரித்துவிடுவது போல, வாரத்துக்கொரு தலைப்பை ஏஜென்ட் அழகாகப் பிரித்துக் கொடுத்தது. அந்த மயக்கத்தில் வெளியிடும் அனுமதியையும் கொடுத்துவிட்டேன். 'நோர்வூட் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை' என்று எழுதி, தானே வெளியிட்டும்விட்டது. நோர்வூட்டில் ரயிலே கிடையாது. ஏன் எழுதினாய் என்று கேட்டேன். மலையக விடுதியைத் தேடுகிறவர்கள் ரயிலையும் சேர்த்துத் தேடுகிறார்கள் என்றது. காரணம் சரி, ஸ்டேஷன்தான் இல்லை. ஹட்டனில் இறங்கி நோர்வூட் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு தம்பதியை ஏற்றிவந்த த்ரீவீல்காரர் என்னைக் கேட்டார்: "எப்பங்க தொறந்தாங்க, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லயே?"

முத்தல் இலை

அன்றே அனுமதியைப் பிடுங்கினேன். இனி அது திட்டம் போடலாம், எழுதித் தரலாம். அக்கா கேட்டுச் சரி சொன்ன பிறகு நான்தான் வெளியிடுவேன். கடவுச்சொல்லும் என்னிடமே.

அடுத்ததை வாசித்துக் காட்டும்போது, தேயிலை சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்ற வரியில் அக்கா கைகாட்டி நிறுத்தினார். யார் சொன்னது என்று ஏஜென்டைக் கேட்டேன். ஆதாரம் இல்லை என்று உடனே ஒப்புக்கொண்டது. கேட்டால் ஒப்புக்கொள்கிறது, கேட்காவிட்டால் சொல்வதில்லை. இது எனக்கு இன்னும் புதிர்தான். அக்காவுக்கு அப்படி இல்லை. "முத்தல் எலய நிறுக்குறதுக்கு முன்னாடியே பொறுக்கிப் போட்டுரணும் தங்கச்சி, தராசுல ஏறுன பொறகு பேசி வேலயில்ல."

அதிகம் தேடப்படுவது

அதிகம் பேரை இழுக்கும் என்று ஏஜென்ட் முதலிடத்தில் வைத்த தலைப்பு 'லயத்துக்குள் ஒரு நாள்: தொழிலாளர் வீடுகளைப் பாருங்கள்'. எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்லமாட்டேன். மகேந்திரன் ஊரில் தங்குவது இதில்தானே இருக்கிறது.

அக்கா கீழே வரிசையாகத் தெரிந்த லயத்து வீடுகளைப் பார்த்தார். அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி குடும்பம் இன்னும் அங்கேதான். "அவளக் கேக்காம அவ வீட்ட நான் எப்புடிக் காட்டுறது? ஆளு வராட்டிப் போகுது."

அட்டை

அக்காவுக்குப் போனில் வந்த கேள்விகளை, பெயரும் நம்பரும் நீக்கி, ஏஜென்டிடம் கொடுத்துப் பார்த்தேன். சுடுதண்ணி வருமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அட்டை கடிக்குமா. அட்டைக்கு மட்டும் எந்த விடுதியும் பதில் எழுதவில்லை என்று அதுவே கண்டுபிடித்துச் சொன்னது. அக்கா சொல்லச் சொல்ல எழுதினோம்: மழை நாளில் கடிக்கும், காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடங்கள். மகேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் இரண்டு அறையும் நிறைந்தது. மகேந்திரன் கொழும்புக்குப் போகவில்லை. எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டதற்கு, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா சொன்னார்: "மத்தவங்க எல்லாம் சொர்க்கம்னு போட்டிருந்தாங்க, நீங்கதான் அட்ட இருக்குன்னு போட்டிருந்தீங்க, புள்ளைங்களக் கூட்டிட்டு வர நம்பிக்கையா இருந்துச்சு."

ஏஜென்ட் இப்போதும் என்னிடம்தான் வேலை செய்கிறது, நான்தான் செல்வராணி அக்காவிடம் வேலை செய்கிறேன்.