ஒற்றைக் கண்ணால் அழுத நாய்

அக்காவின் செத்த வீட்டில் நான் அழவில்லை என்பது எங்கள் ஒழுங்கையில் பெரிய பேச்சாகிவிட்டது. வந்த சனம் முதலில் என் முகத்தைப் பார்த்தது. பிறகு அக்காவின் கட்டிலுக்குக் கீழே கிடந்த நாயைப் பார்த்தது. பிறகு திரும்பவும் என்னைப் பார்த்தது. உடல் வீட்டில் இருந்தவரை யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போன பிறகு சொல்லத் தொடங்கினார்கள்.

“வாயில்லாச் சீவன், அது படுற பாட்டைப் பாரும்” என்று உறவுக்காரி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது. “கூடப் பிறந்தது கல்லு மாதிரி நிக்குது.”

அவளுடைய தேத்தண்ணிக்கு மட்டும் சீனி போடாமல் அனுப்பினேன். அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்காவும் நானும் கலியாணம் செய்யாதவர்கள். அக்கா கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை செய்தாள். நான் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். என் பெயர் தெரியாதவர்களுக்கும் இந்த ஊரில் ‘பல்லு மிஸ்’ என்றால் தெரியும். சந்தையில் என்னைக் கண்டால் வளர்ந்த ஆம்பிளைகள்கூட வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருக்கிறது. பின் யன்னலால் உள் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அக்காவுக்கு நேரம் கிடைத்தது. எனக்கு அதில் பொறுமை இல்லை.

நாய் அக்காவுடையது. மாரி மழையில் நனைந்து படலை வாசலுக்கு வந்த குட்டியை அவள்தான் உள்ளே எடுத்தாள். அதற்கு அவள் வைத்த பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. நான் அதை ‘நாய்’ என்றே கூப்பிட்டேன். அதுவும் என்னை அந்த வீட்டு அலுமாரிகளில் ஒன்றாகத்தான் மதித்தது. சோறு வைத்தால் தின்னும், தடவப் போனால் எழும்பி அக்காவிடம் போய்விடும்.

பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் அக்கா மாரி பிஸ்கட்டைத் தன் கோப்பையில் தோய்த்துக் களியாக்கி, விரலால் அதன் வாய்க்குள் வைப்பாள். சோற்றையும் குழந்தைக்குப் போல மசித்துத்தான் கொடுப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இப்பிடிக் களியும் சீனியுமாக் குடுத்தா அதின்ட பல்லு என்னத்துக்காகும்?” என்று கத்துவேன்.

“அது காய்ஞ்ச பிஸ்கட் தின்னுதில்லையடி. நான் என்ன செய்ய?” என்பாள் அக்கா.

பிள்ளைகளின் தாய்மாரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அதனால் அந்தக் கேள்வி தானாக வந்தது. அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. நாய்க்கும் பல் நோகும் என்பதை நான் யோசித்ததே கிடையாது.

அக்காவுக்கு நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் திரும்பி வரவில்லை. அவ்வளவு கெதியாக முடிந்த ஒன்றைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை.

எட்டாம் நாள் படையலுக்கு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். அக்காவின் படத்துக்கு முன்னால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தோம். படைத்து முடிந்ததும், அந்தப் பிஸ்கட்டில் ஒன்றை நாய்க்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். கட்டிலுக்குக் கீழே நீட்டினார்கள். நாய் மெல்ல வெளியே வந்தது. பிஸ்கட்டை வாயில் எடுத்தது. உடனே கீழே போட்டுவிட்டு, கன்னத்தைக் கட்டில் காலோடு வைத்து ஒருபக்கமாகத் தேய்த்தது. அதன் வலது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து மூக்குப் பக்கம் இறங்கியது.

அறை முழுவதும் அழுதது. ஒருத்தி கைப்பேசியில் வீடியோ எடுத்தாள். அது அன்றைக்கே கனடா வரை போய், அங்கே இருந்தவர்களையும் அழவைத்தது. அக்காவுக்காக ஒரு நாய் அழுகிறது, தங்கச்சி தட்டுக் கழுவுகிறாள். அந்த வீடியோவில் நானும் பின்னால் தெரிகிறேனாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த நாயின் மேல் பொறாமையாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. பருப்பும் சோறும், பூசணிக்காயும் சோறும். நாய்க்கும் அதுதான். அது முகர்ந்து பார்க்கும், நாலு பருக்கையை நக்கும், மிச்சத்தை விட்டுவிட்டுப் போகும். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட வயதில் குறைந்தவள். அக்காவைப் பெரியக்கா என்றும் என்னைச் சின்னக்கா என்றும் கூப்பிடுகிறவள். நல்லவள். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது என்பது மட்டும்தான் குறை.

“அதுவும் துடக்குக் காக்குது, சின்னக்கா” என்றாள். “பெரியக்காவுக்காக மச்சம் விட்டிட்டுது. முப்பத்தொண்டு முடியட்டும், நல்ல மீனாச் சமைச்சு வையுங்கோ. தின்னும்.”

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. சாவுத் தீட்டுப் பட்ட துடக்கு வீட்டில் பசியோடு கிடப்பது சரியான காரியம்தானே. நாய் மெலிய மெலிய அதன் மதிப்பு ஏறியது. அந்தியேட்டிக்கு வந்தவர்கள் அக்காவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு, கட்டிலடியில் குனிந்து அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நானும் நம்பினேன். அதை மறைக்க ஒன்றும் இல்லை. பொறாமை போய், அதற்குப் பதிலாக ஒரு துணை கிடைத்தது போல இருந்தது. பின்னேரங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கதைக்கத் தொடங்கினேன். “உன்ட ஆள் எங்களை இப்பிடி விட்டிட்டுப் போட்டா” என்று ஒருநாள் சொன்னேன். அது வாலை ஒருமுறை அசைத்தது. வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்கள். யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, வீடு முழுவதும் ஊதுபத்தி வாசம். எனக்கு அழத் தெரியாவிட்டாலும் என் வீட்டில் ஒரு உயிர் அழுகிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும் சேர்த்து அது அழுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

அந்தியேட்டி முடிந்தது. உறவுகள் பைகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் சூடை மீன் வாங்கி, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். நாய் ஓடி வந்தது. அது ஓடி வந்ததுதான் எனக்கு முதல் அடி. பசி இல்லாத நாய் அப்படி ஓடி வராது. ஒரு வாய் எடுத்தது, தலையைச் சாய்த்தது, சிணுங்கிக்கொண்டு பின்னால் போனது. தட்டில் எச்சில் நூல்நூலாகத் தொங்கியது. அதில் ஒரு சிவப்பும் இருந்தது.

அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. ஊதுபத்தி இல்லாத அந்த நாளில்தான் அந்த மணம் என் மூக்குக்கு வந்தது. அது எனக்குப் புதிய மணம் இல்லை. வேலை செய்த காலம் முழுவதும் எனக்குப் பழக்கமான மணம். பல் அழுகினால் வரும் மணம்.

உதட்டைத் தூக்கினேன். என்னைக் கடிக்காமல் அது அசையாமல் நின்றது. மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் மண்ணிறக் காறைக்குள் புதைந்துகிடந்தன. பல்லைக் கவ்வியிருக்கும் முரசு வீங்கி, பெரிய பல்லைச் சுற்றிச் சீழ். கண்ணீர் என்று ஊரே கும்பிட்டது அந்தப் பல்லின் வேரிலிருந்து கிளம்பிய வினை.

லிங்கநகர்ப் பக்கம் ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஓட்டோக்காரர் நாயைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். “நாயை ஏத்த ஏலாது” என்றார். என் முகத்தை மறுபடி பார்த்துவிட்டு, “பல்லு மிஸ்ஸோ?” என்றார். பிறகு சாக்கு ஒன்றை விரித்து ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுவதும் வாயை மூடிக்கொண்டே ஓட்டினார்.

வைத்தியர் இளம் பொடியன். பொறுமையானவர். நாயின் வாயைப் பார்த்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

“இது நாயின்ட பெரிய பல்லு, அம்மா. இதின்ட வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும். வேரில சீழ் கட்டினா கண்ணுக்குக் கீழ வீங்கும், கண்ணாலயும் தண்ணி வடியும். சனம் கண்ணில ஏதோ எண்டு நினைச்சு மருந்து விடும்.”

“ஓமோ” என்றேன்.

“பல்லில படியிறதைத் தீட்டாமல் விட்டா அது காறையாகும். காறை முரசைத் தள்ளும். பிறகு வேர் ஆடும்.”

“ஓமோ” என்றேன் திரும்பவும். இதே சொற்களை, இதே ஒழுங்கில், நான் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன். நான் யார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பல்லைப் பிடுங்க மயக்கம் கொடுக்க வேண்டும். வயது போன நாய், இதயச் சத்தமும் அவ்வளவு சரியில்லை என்றார். “எழும்பும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா உறுதி சொல்ல ஏலாது.”

“செய்யுங்கோ” என்றேன்.

வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் மடியில் பூனைக்குட்டியோடு இருந்தாள். அது ஊசி போடப் பயந்து கத்திக்கொண்டே இருந்தது. இந்த நாயும் போய்விட்டால் அக்காவை நினைக்க அந்த வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்பதுதான் என் மனதில் ஓடியது. அதற்கு என்னைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழும்பட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கோணேசரிடம் நான் அவ்வளவு பணிந்து எதையும் கேட்டதில்லை.

எழும்பியது. வைத்தியர் பிடுங்கிய பல்லைத் தட்டில் கொண்டுவந்து காட்டினார்.

“இது எப்ப தொடங்கினது?” என்று கேட்டேன். “ஒரு மாதத்துக்கு முதலோ?”

“மாதமோ? இது வருசக்கணக்கா இருந்திருக்கு, அம்மா. கடினமான சாமான் தின்னாமல் விட்டிருக்குமே?”

காய்ந்த பிஸ்கட். அக்கா உயிரோடு இருந்தபோதே, அவளுடைய மடியில் தலையை வைத்துக்கொண்டிருந்தபோதே அதற்கு நொந்திருக்கிறது. அக்கா காரணம் தெரியாமலே அதற்கு வழி செய்திருக்கிறாள். நான் காரணம் தெரிந்திருக்க வேண்டியவள், அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சில நாட்களில் காயம் ஆறியது. ஒரு காலையில் சூடையும் சோறும் வைத்தேன். நாய் தின்றது. தட்டை நக்கியது, நக்கிக்கொண்டே தட்டைக் குசினி முழுவதும் தள்ளிக்கொண்டு போனது, பிறகு வந்து இன்னும் தா என்று என்னை நிமிர்ந்து பார்த்தது. கண் இரண்டும் காய்ந்து, பளிச்சென்று இருந்தன. வாலை ஆட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிப்போய் ஒரு காகத்தைத் துரத்தியது.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்படியென்றால் அது அக்காவுக்காக அழவே இல்லை. பட்டினி கிடக்கவும் இல்லை, துடக்குக் காக்கவும் இல்லை. பல்லுக் குத்தியது, அவ்வளவுதான். ஒரு மாதமாக நான் அதன் பக்கத்தில் இருந்து கதைத்ததெல்லாம் ஒரு பல் வலியிடம் கதைத்தது. அன்றைக்கு நான் உண்மையாகவே தனித்துப்போனேன். செத்த வீட்டில்கூட அவ்வளவு தனிமையை நான் உணரவில்லை.

ஆனாலும் பல்லை விட முடியுமா? மிச்சப் பற்களைக் காப்பாற்ற வேண்டும். மனிதர் பாவிக்கும் பற்பசை கூடாது, அது துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும் என்று வைத்தியர் நாய்க்கென்று ஒரு பசை தந்திருந்தார். குழந்தைகளின் பற்தூரிகையால், முரசோரமாக, மெல்ல வட்டமாக. முதலில் விரலால் பழக்கினேன். இப்போது தானாகவே வந்து முன்னால் இருக்கிறது, பசைக்கு இறைச்சி மணம் என்பதால். ஒரு நாளில் நான் ஒரு உயிரைத் தொடுவது அந்தக் கொஞ்ச நேரம்தான். பக்கத்து வீட்டுப் பூனை எச்சில் வடித்துக்கொண்டு மதிலில் இருந்தபோது அதையும் பிடித்து உதட்டைத் தூக்கினேன். முரசு நெருப்பாய்ச் சிவந்திருந்தது.

“பூனைக்கும் பல்லுத் தீட்டுறதோ, சின்னக்கா?” என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

“நீர் முதல் அதை வைத்தியரிட்டக் கொண்டுபோம். பிறகு சிரியும்” என்றேன். கொண்டுபோனாள்.

போன கிழமை அவள் மதிலடியில் நின்று எங்கள் முற்றத்தைப் பார்த்தாள். நாய் வெயிலில் மல்லாந்து, நாலு காலையும் மேலே போட்டுக்கொண்டு நித்திரை.

“நல்லாத் தேறிட்டுது” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பெரியக்காவை மறந்திட்டுதோ?”

மறக்க என்ன இருக்கிறது, அன்றைக்கே அதற்கு அக்காவின் நினைவில்லை, பல்லுத்தான் நொந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். கனடா வரை அழவைத்த நாய் அது. அக்காவுக்காக யாரோ ஒருவர் வெளிப்படையாக வாடியதை இந்த ஊர் நம்பியிருக்கிறது. அதை அக்காவிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

“மறக்கேல்லை” என்றேன். “பின்னேரத்தில ஒவ்வொரு அறையாப் போய்ப் பாக்கும். கட்டிலடியில கொஞ்ச நேரம் நிக்கும். பிறகு வந்து படுக்கும்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம்” என்றாள்.

நாய் அப்படி எதுவும் செய்வதில்லை. பொழுதுபட்டதும் தின்றுவிட்டு அயர்ந்து தூங்கிவிடும். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்ப்பது நான்தான்.