அடைப்புக்குறிக்குள் இருந்ததை அழித்தவர்

எங்கள் டீம் லீடர் தனசேகர் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் விழுப்புரம் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும்.

எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் யாரும் மவுஸைத் தொடக்கூடாது. "மவுஸ் புடிக்கறவன் மாடு மேய்க்கப் போலாம்" என்பார். அவர் புரோகிராம் எழுதும் எடிட்டரில் எல்லாமே விசைப்பலகைதான். நிரலில் ஓர் அடைப்புக்குறி மேலே திறக்கும், அதன் ஜோடி எங்கோ கீழே மூடும். நடுவில் எங்கே நின்றாலும் சரி, மூன்று விசை தட்டினால் இரண்டுக்கும் இடையில் இருப்பது அத்தனையும் தேர்வாகிவிடும். இன்னொரு விசை தட்டினால் அத்தனையும் காலி, குறிகள் மட்டும் நிற்கும். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை, மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் நம் நிரலைப் பெரிய திரையில் போட்டு, எல்லார் முன்னாலும் அதைச் செய்வார். "கூடு நல்லாத்தான் இருக்குது. உள்ள வேற ரொப்பு" என்பார். அவர் பார்க்கும்வரை யாரும் எங்கும் நகல் வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் அழித்தது அழித்ததுதான்.

கோட்டக்குப்பத்து ஷமீம், ஒரு மருத்துவமனைக்கு ரசீது போடும் பகுதியை எழுதியிருந்தாள். பக்கத்து நாற்காலி என்னுடையது. ஓட்டிப் பார்த்தோம், சுத்தமாக வேலை செய்தது. அதையும் அழித்தார். திங்களன்று வாடிக்கையாளர் வந்து கத்தியதும், அதே வெற்றுக் குறிகளை முதலாளிக்குக் காட்டி, "பாருங்க சார், இந்தப் பொண்ணு ஒண்ணுமே எழுதல" என்றார். நீங்கள்தானே அழித்தீர்கள் என்று நான் கேட்டேன். முதலாளி அவரைத்தான் நம்பினார். நீங்களெல்லாம் அங்கேதான் இருந்தீர்கள், வாயில் கொழுக்கட்டையோடு. வேலை செய்யாமல் சம்பளம் வாங்கியவள் என்ற பெயரோடு ஷமீம் வெளியே போனாள். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. இன்று புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

செய்தியைச் சொல்ல அவளுக்கு போன் செய்தேன். "சாப்பிட்டுக்கினு இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். போனவரைப் பற்றி இப்போது எதற்கம்மா என்று முதலாளி தடுத்தார்.

"நான் இருக்கறவளப் பத்திப் பேசறேங்க" என்றேன்.

தனசேகரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூன்று விசைதான். தினமும் தட்டுகிறேன், நன்றி சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அவர் செத்ததற்கு நானும் அழுதேன். ஷமீம் எழுதியிருந்தாள் என்று சொல்ல வேண்டிய அவர் வாய், சொல்லாமலே சிதையில் எரிந்துபோயிற்று.