இன்ஸ்பெக்டர் கிழித்த பக்கம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நான் ஒரு தமிழ் நாளிதழின் மலாக்கா நிருபர். அங்கே காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீடு எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருடையது. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார்; மகன் சிங்கப்பூரில். கறாரானவர், லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர் என்று பெயர் எடுத்திருந்ததால் கட்சி அவரை நிறுத்தியது. ஜனங்களும் அதற்காகவே ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த பிறகும் அவர்களுக்கு அவர் இன்ஸ்பெக்டர்தான்.

கோலாலம்பூரில் சபை இல்லாத வாரங்களில், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்கூடத்துக் கதவைத் திறந்து வைத்து மேசைக்குப் பின்னால் உட்காருவார். குறை சொல்ல வந்தவர் எதிரில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறப்பார். பேர், அப்பா பேர், வயது, அடையாளக் கார்டு எண். அதன் பிறகுதான் வந்த விஷயம். எழுதியதை வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். முப்பது வருடம் வாக்குமூலம் வாங்கியவருக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

முதல் மாதம் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது மாதம் ஒருவர், இருவர். அப்புறம், பின்னறையிலிருந்து நான் நடந்து வரும் சத்தத்துக்கெல்லாம் அவர் நிமிர்ந்து பார்ப்பார். நான்தான் என்று தெரிந்ததும் பேப்பருக்குத் திரும்பிவிடுவார்.

"ஜனங்களுக்கு ஒரு குறையும் இல்லையா தம்பி?"

"வேலை இருக்கும் சார்."

காரணம் எனக்குத் தெரியும். கோப்பிக்கடையில் அதுதான் பேச்சு. "ரோட்டு வெளக்கு எரியலன்னு சொல்லப் போனேன்டா. கைநாட்டு வாங்கிட்டாரு. திரும்பி வர்றப்ப, நாந்தான் வெளக்க ஒடச்சேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு!" நிருபன் நடுவில் புகக் கூடாது என்று அந்த நாளில் நினைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, நகராட்சியில் தெருக் கூட்டும் அம்மா ஒருவர் வந்தார். தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை. குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. குடியுரிமைப் பத்திரம் இல்லாவிட்டால் வேலை நிலைக்காது என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எச்சரித்திருந்தார். பேர், அப்பா பேர், பிறந்த தோட்டம் வரை சொன்னவர், இன்ஸ்பெக்டர் கைநாட்டு மைப்பெட்டியைத் திறந்ததும் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் நோட்டோடு அவரைத் தேடிக் கிளம்பினார். நானும் போனேன். நகராட்சி லைன் வீடுகளில், நாங்கள் நடந்து போகப் போக ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். அந்த அம்மா ஜன்னலில் நின்றபடியே பேசினார்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்கய்யா. எழுதுனத மட்டும் கிழிச்சிருங்க."

"பாதியில நிக்குதும்மா. முடிச்சாத்தான மேல கொண்டுபோக முடியும்?"

"கம்யூனிஸ்டுங்களத் தேடுன அவசர காலத்துல எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் ஸ்டேசன்ல கைநாட்டு வெச்சாரு. என்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு வருசம் உள்ள இருந்தாரு. வந்தது வேற ஆளு."

போலீஸ் நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் தன் நோட்டுக்குப் பக்க எண் போட்டு அதே முறையில் வைத்திருந்தார். அந்தப் படியே கோடு போட்டு, ஜன்னலருகே தூக்கிக் காட்டினார்.

"எழுத்து அப்படியே தெரியுதேய்யா."

இன்ஸ்பெக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு பக்கத்தை மடித்து, நகத்தால் அழுத்தி, மெதுவாகக் கிழித்துக் கொடுத்தார். அந்த அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டு வந்து ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பும்போது கோப்பிக்கடைப் பேச்சை அவரிடம் சொன்னேன்.

"முன்னமே ஏன் சொல்லல?" என்றார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அந்த அம்மா வந்தார். மேசையைக் கடந்து நேராக என் அறை வாசலுக்கு வந்து, "பேப்பர்காரத் தம்பி, நீங்க எழுதிக்குங்க" என்றார். சொல்லி முடிக்கும்வரை இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முறை என்னைப் பார்த்து, "அந்தத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுன பழைய கிராணி யாராச்சும் உயிரோட இருக்காங்களான்னு கேளுங்க" என்றார்.

"குருபோங்குல இருக்காரு தம்பி" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா அங்கே பிறந்ததற்குக் கிராணியின் சாட்சிக் கடிதத்தை இன்ஸ்பெக்டரே போய் வாங்கினார். கோலாலம்பூரில் மூன்று முறை அலுவலகப் படி ஏறினார். குடியுரிமைப் பத்திரம் வந்தது.

கூட்டும் வேலை முடிந்த கையோடு அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். முன்கூடத்தில் இன்ஸ்பெக்டர் இருப்பதைப் பார்த்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து என் கையில் கொடுத்தார். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

பழத்தை இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தேன். "உங்களுக்குன்னு கொடுத்தாங்க சார்."

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா."

"என்ன வார்த்தையில சொன்னாங்க?"

"இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குக் கொடுங்கன்னு."

என்னைச் சற்று நேரம் பார்த்தார். முப்பது வருடம் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவர்.

"சரி" என்று சொல்லி, ஒரு பழத்தைப் பிய்த்து உரிக்க ஆரம்பித்தார்.