முதல் சுற்றில் தோற்றவன்

இன்று காலைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: இலண்டன் புல்தரை டென்னிஸில் யாரோ ஒருவன் முதல் சுற்றிலேயே ஐந்து செட் ஆடித் தோற்றிருக்கிறான். ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் தேத்தண்ணி ஆறும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், மலையகத்தில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்தான், இங்கிலீஷ் நன்றாக வரும் என்ற சின்னக் கர்வமும் உண்டு. தோட்ட மனேஜரான எங்கள் துரைக்கு டென்னிஸ் பைத்தியம். பங்களா பள்ளத்தில் இருந்ததால் அங்கே ரேடியோ இரைச்சல் மட்டும்தான் போடும். என் குவார்ட்டர்ஸோ மேட்டில். ஆகவே ஜூன் கடைசியில் காலை ஆறு மணிச் செய்தியைக் கேட்டு, ஆட்ட முடிவுகளைத் துண்டில் எழுதி, கையெழுத்துக் கோப்பின் மேலே வைப்பது என் வேலையாயிற்று. படித்த படிப்புக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள். துரைக்குப் பிடித்தவன் தோற்ற நாளில் அந்தக் கோப்பு திறக்கப்படாது. "இன்னைக்கு எந்த வெள்ளக்காரன் விழுந்தான்னு சொல்லிருங்க கிளாக்கரையா, நாங்க குனிஞ்சே இருந்துக்கிறோம்" என்பார் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி.

அப்படியொரு ஜூனில், கொழுந்தெடுக்கும் காளியம்மாவின் புருஷன் செல்வத்தை டவுனில் பொலிஸ் பிடித்துவிட்டது. அடையாள அட்டை இல்லை. அப்போது தோட்டத்தில் பலருக்கு இல்லை. இவன் எங்கள் ஆள் என்று துரை எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். கடிதத்தை நானே தட்டச்சு செய்து வைத்தேன். மறுநாள் காலைச் செய்தியில் துரையின் ஆட்டக்காரன் முதல் சுற்றில் தோற்றிருந்தான்.

துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடிதத்தை முதலில் நீட்டியிருக்கலாம். மறைத்தேன் என்று தெரிந்தால்? யாழ்ப்பாணத்தான் என்றால் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; அந்தப் பதிவுக்கு எனக்கும் அதே துரையின் கடிதம்தான் காவல். வழக்கம்போலத் துண்டை மேலே வைத்தேன்.

"இன்னைக்கு ஒண்ணும் வேணாம் கிளாக்கர். போ."

வெளியே காளியம்மா நின்றாள்.

"கையெழுத்து வாங்கிட்டீங்களாய்யா?"

"நாளைக்கு வா பிள்ளை. இண்டைக்குத் துரைக்கு மனம் சரியில்லை."

"ஐயோ, தொர வூட்டுல ஏதும் கெட்ட சேதிங்களா?"

தலையாட்டினேன். அவள் துரைக்காக இரக்கப்பட்டுக்கொண்டே மலைக்கு ஏறினாள்.

அடுத்த நாள் கையெழுத்துக் கிடைத்தது. கடிதத்தோடு அவள் டவுனுக்குப் போனபோது, முந்திய மாலையே செல்வத்தைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். பதினான்கு மாதம். திரும்பி வந்தவனுக்கு இடது காது கேட்கவில்லை.

"ஒங்க கடுதாசியக் காட்டிக் காட்டித்தாங்க மீட்டேன்" என்று கொடித்தோடம்பழம் கொண்டுவந்து தந்தாள். வாங்கிக்கொண்டேன். வருடா வருடம் கொண்டுவந்தாள், வருடா வருடம் வாங்கிக்கொண்டேன்.

துரை எப்போதோ போய்விட்டார். டென்னிஸ் கோர்ட்டில் முட்டைக்கோவா நட்டிருக்கிறார்கள். காளியம்மா குடும்பம் இருந்த லயத்து வீடுகளை இடித்தாயிற்று. செல்வத்துக்குப் பிறகு காளியம்மாவும் போய்விட்டாள் என்று போன வருடம் கேள்விப்பட்டேன். சாகும்வரை என்னை நல்ல மனிதன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு எத்தனையோ காலைகள் இருந்தன.