நாள் கடந்த இருவர்

பிரசவத்துக்குக் குறித்த தேதி தாண்டி ஒரு வாரத்துக்கு மேலாகியும் எனக்கு வலி வரவில்லை. வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் வரவில்லை. எனக்கு நாற்பதை நெருங்கும் வயதில் முதல் பிள்ளை. என்னைவிட மிக இளையவளான அவளுக்கு மூன்றாவது. நடந்தால் வலி வரும் என்றார்கள்; வெளியே பனி வழுக்கியதால் இருவரும் பக்கத்து மாலுக்குள் நடந்தோம். மதுரையிலிருந்து அம்மா தினமும் போனில், "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்பாள். அதைக் கேட்காத ஒரே ஆள் எதிர்வீட்டுக்காரிதான்.

இனியும் காத்திருக்க வேண்டாம், மருந்து கொடுத்து வலியை வரவழைக்கலாம் என்றார் மருத்துவர். என் கருப்பை வாய் இன்னும் கெட்டியாக மூடியிருந்தது. அது இளகியிருந்தால் மருந்து சீக்கிரம் வேலை செய்யும். முன்பே பெற்றவர்களுக்கு இன்னும் சுலபம். முதல் பிரசவம், என் வயது, ஏறியிருந்த எடை எல்லாம் சேர்ந்து தாமதமாகலாம், அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

இருவரையும் ஒரே காலையில் வரச் சொன்னார்கள். அவள் கணவரின் வேனிலேயே எல்லோரும் போனோம்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, பின்னேரம் ரெண்டு பேரும் பிள்ளையோட இருப்பம்" என்றாள்.

அவளுக்கு அப்படியே ஆயிற்று. பனிக்குடத்தை உடைத்து டிரிப்ஸ் ஏற்றியதும் வலி பிடித்து, மதியத்துக்குள் பையன் பிறந்துவிட்டான். எனக்கோ கருப்பை வாயை இளக்க முதலில் ஒரு சிறிய பலூனை வைத்தார்கள். அது கழன்று விழுவதற்குள்ளேயே அன்றைய பொழுது போய்விட்டது. மறுநாள் காலை டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதும் வலி மந்தமாகத்தான் இருந்தது. என் உடம்புக்கு இது வராது போலிருக்கிறது என்று கணவரிடம் சொல்லி அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்புமுன் எதிர்வீட்டுக்காரி செருப்பைத் தேய்த்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தாள்.

"ஏன் அழுறீங்கள்? மூத்தவளுக்கு எனக்கும் இப்பிடித்தான், ரெண்டு நாள் கிடந்தனான்."

"நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னா நீங்கள் வந்திருப்பியளோ?"

அழுகையோடேயே சிரித்துவிட்டேன். நர்ஸும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

அதன்பின் மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மதியத்துக்கு மேல் வலி நெருங்கி நெருங்கி வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு சீராகவே இருந்ததால் மருத்துவர் அவசரப்படவில்லை. சாயங்காலம் மகள் பிறந்தாள். நாள் கடந்து பிறந்ததால் உள்ளங்கைத் தோல் லேசாக உரிந்திருந்தது, நகங்கள் நீண்டிருந்தன. "வரும்போதே நகம் வெட்டணும் போலயே" என்றார் என் கணவர், கண்ணைத் துடைத்தபடி.

வீடு திரும்பிய அன்று எதிர்வீட்டிலிருந்து பிள்ளை பெற்றவர்களுக்கான சரக்குத்தூள் போட்ட மீன்கறி வந்தது. மிளகுக் காரம் மூக்கில் ஏறியது. குழந்தை தூங்கும்வரைகூடப் பொறுக்காமல், மடியில் வைத்துக்கொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.