ஏழா, பன்னிரண்டா

ஹல் நகரத்து நாளிதழ் ஒன்றில் பழைய செய்திகளைக் கத்தரித்துக் காக்கும் அறைக்கு எனிட்தான் பொறுப்பு. நிருபர்கள் எழுதியதில் தேதி பிசகினாலும் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் பார்க்காமல் ஆசிரியர் பிளாங்கின் எதையும் அச்சுக்கு அனுப்ப மாட்டார்.

1987 மார்ச்சில் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நம்ம ஹெஸ்லெட்ஸ் பொண்ணுங்களுக்கு நகரசபை கல்வெட்டு வைக்கப்போகுது. விவரமெல்லாம் சரியான்னு நம்மளப் பாக்கச் சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருவியா கண்ணு?"

ஹெஸ்லெட்ஸ் என்பது ஹெஸில் ரோட்டு மீன் ஆலையில் வேலை பார்த்த மூன்று பெண்களின் பாட்டுக் குழு. 1964இல் அவர்களுடைய இசைத்தட்டு நாட்டின் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் பிடித்தது. பதினோரு வாரம் நின்றது. தாளில் இத்தனையும் எழுதி, கீழே மூன்று பெயர்கள். நடுவில் இருந்த பெயர் மாவிஸ்.

அந்த இடம் எனிட்டுடையது. மற்ற இரண்டு பெண்களோடு தொழிலாளர் மன்றங்களில் சனிக்கிழமை தவறாமல் இரண்டு வருஷம் பாடியவள் அவள். லண்டனில் ஒலிப்பதிவு என்று கடிதம் வந்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "நானா, பாட்டா?" என்றான் மாப்பிள்ளை கென். அவள் கென் என்றாள். ஆலையில் அடுத்த மேசையில் மீன் அரிந்துகொண்டிருந்த மாவிஸை மற்ற இருவரும் சேர்த்துக்கொண்டார்கள். எனிட் தனக்கென்று தைத்து வைத்திருந்த நீலக் கவுனை இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு மாவிஸ் தொலைக்காட்சியில் பாடினாள். கென் ஆறே வருஷத்தில் ஒரு பஸ் கண்டக்டர் பெண்ணோடு போய்விட்டான்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாண விருந்தில் அந்தப் பாட்டை வைத்தாலும் எனிட் கைகழுவப் போவதுபோல் எழுந்து போய்விடுவாள். மாவிஸின் சிகையலங்காரக் கடை இருக்கும் தெருவைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றுவாள்.

இப்போது பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்தக் காலத்தில் ஒரே பட்டியல் கிடையாது. இசை வார இதழ்கள் ஆளுக்கொன்று போட்டன. ஓர் இதழில் ஏழு என்றே இருந்தது. பின்னாளில் எல்லோரும் நம்பிய இன்னொன்றில் பன்னிரண்டு, வாரமும் எட்டுதான். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. பன்னிரண்டு, எட்டு என்று எழுதினாள். ஏழு இருந்த பக்கத்தைக் கட்டுக்குள்ளேயே செருகிவிட்டாள்.

"அப்ப ஏழுங்கிறது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார் பிளாங்கின்.

"யாருக்குத் தெரியும்? ஊர்ல எவனாவது கிளப்பிவிட்டிருப்பான்."

பதினெட்டு வருஷ வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. 'ஏழல்ல, பன்னிரண்டு' என்று செய்தி வந்தது. காய்கறிக்கடைக்காரன் மாவிஸை 'பன்னிரண்டாம் நம்பர்' என்று கூப்பிட்டானாம். அதைக் கேட்டு எனிட் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை மாவிஸே வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எனிட் நினைத்தாள்.

"உன்கிட்ட நீ மன்றத்துல பாடின பழைய நோட்டீஸ் ஏதாச்சும் இருக்கா?" என்றாள் மாவிஸ். "நான் நாலு பேருன்னுதான் எழுதிக் குடுத்தேன். கல்லுல எடமில்லன்னு உன் பேர அடிச்சிட்டாங்க. ஆதாரம் இருந்தா போய்ச் சண்டை போடலாம்."

"பன்னிரண்டுன்னு போட்டதுல உனக்குக் கோவமில்லையா?"

"எங்களுக்கு ஏழுன்னு போன்லதான் சொன்னாங்க, நான் கண்ணால பாக்கல. நீ பாத்தேன்னா சரியாத்தான் இருக்கும்."

எனிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டும் கவுனும் போதாதென்று, நல்லவளாக இருக்கும் பாக்கியமும் இவளுக்கேவா? விறுவிறுவென்று உள்ளே போய் அந்தப் பக்கத்தை எடுத்துவந்து மாவிஸ் முன்னால் போட்டாள்.

மாவிஸ் ஏழு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இத எப்பப் பாத்த?"

"பத்து நாளாச்சு."

"ஏன்டி மறைச்ச?"

"வயித்தெரிச்சல்."

"இருபத்திமூணு வருஷமாவா?"

"ஆமா."

மாவிஸ் கையுறையை மாட்டிக்கொண்டாள். "கோவம் வேற, உண்மை வேற. நோட்டீஸக் குடு," என்றாள். வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

எனிட் பிளாங்கினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை, திருத்தத்தை அவளையே எழுதச் சொல்லி, அவள் பெயரோடு போட்டார். மூன்று மாதம் அவள் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்த்தார். நகரசபை வம்பே வேண்டாமென்று எண்களை எடுத்துவிட்டு, 'விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது' என்று மட்டும் செதுக்கியது.

ஜூனில் கல்லைத் திறந்தார்கள். நான்காவதாக, சற்றுச் சின்ன எழுத்தில், எனிட்டின் பெயர் இருந்தது. கூட்டம் மாவிஸைச் சூழ்ந்து கையெழுத்துக் கேட்டது. எனிட்டுக்கு வயிறு எரிந்தது, கொஞ்சமும் குறையவில்லை. ஒரு பெண் அவளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

மாவிஸ் கையெழுத்துப் போட்டபடியே, தலை நிமிராமல் சொன்னாள்: "கல்லுல போட்டிருக்கு, படிச்சுப் பாரும்மா."