கடைசி பாரா

போன செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் ஒரு பெண் என் தோளைத் தட்டினார்.

“மேடம்... மேடம்... கும்மிடிப்பூண்டி வந்துடுச்சு. நல்லா தூங்கினு கீறீங்களே!”

பதறி எழுந்து, நன்றி சொல்லி, இறங்கினேன். பிளாட்பாரத்தில் நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. நான் எங்கே தூங்கினேன்?

மீஞ்சூரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அனுப்பம்பட்டு தாண்டியதும் ஓர் இடத்தில் தாளம் மாறும். பொன்னேரியை விட்டதும் இரண்டு பக்கமும் வயல்... அங்கே சத்தம் அகலமாகிவிடும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இதெல்லாம் தெரியாது. நானும் இத்தனை வருடம் இதே ரயிலில் போய் வந்தும் கேட்டதில்லை.

இந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவர் ஒரு மெஷின் ஆபரேட்டர். அவர் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுவதைத் தவிர எனக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள், காலை பத்திலிருந்து மதியம் ஒரு மணி வரை ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், பாஸ்கர் என்பவரின் ஜெராக்ஸ் கடை. தட்டச்சு, லேமினேஷன், மொழிபெயர்ப்பு என்று போர்டில் மூன்று வரி. மூன்றாவது வரி நான்தான்.

கனவு காண்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. எப்படி என்கிறீர்களா? ஒரு வாக்கியம் தமிழை விட்டுக் கிளம்பிவிட்டது, ஆங்கிலத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நடுவில் ஒரு நொடி இருக்கிறது பாருங்கள்... அங்கே எந்த மொழியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே லாரி போகும். தூசி கிளம்பி, வெயிலில் மின்னி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கும். நிலப் பத்திரத்தில் ‘வடக்கே வேப்பமரம், தெற்கே வாய்க்கால்’ என்று ஒரு வரி வரும். நான் போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். மரம் இன்னும் இருக்குமா? அல்லது அதன்மேல் ஏதாவது கம்பெனியின் காம்பவுண்டு சுவர் எழுந்திருக்குமா?

“அக்கா, திரும்பி வாங்க. கஸ்டமர் வெயிட்டிங்!” என்று பாஸ்கர் கூப்பிடுவார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. கடைக்கு வருகிற ஆண்கள் அத்தனை பேரும் அவருக்கு ‘நைனா’. நான் மட்டும் அக்கா.

கனவு கண்டாலும் தொழிலில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். உள்ளது உள்ளபடி. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு... உண்டு என்ன, இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு கடிதம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. வேலை நேரத்தில் தூங்கினார் என்று ஒரு தொழிலாளியை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அவர் தமிழில் கொடுத்த விளக்கக் கடிதம் அது. அங்கே பணியாளர்களைக் கவனிக்கும் மேனேஜர் வேறு மாநிலத்துக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் வேண்டும், கீழே என் கையெழுத்தும் வேண்டும். அரை மணி நேர வேலை. முடித்து அனுப்பிவிட்டு டீ குடித்தேன்.

பத்து நாள் கழித்து ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதைத் தாண்டியவர். கழுத்தில் சின்ன சிலுவை, இஸ்திரி போட்ட சட்டை. கையில் நான் மொழிபெயர்த்த அதே காகிதத்தின் ஜெராக்ஸ்.

“மேடம், இங்கிலீஷ்ல எழுதுனது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“கோச்சுக்காதீங்க. ஒரு டவுட்டு. என் பேரு தேவராஜ். நான் தூங்கலன்னு சொன்னது இதுல வரலியா?”

வந்திருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் வந்திருந்தது. படித்துக் காட்டினேன்.

“அப்போ அதெல்லாம் உட்டுட்டு, கடைசி பாராவுக்கு மட்டும் இன்னாத்துக்கு மேனேஜர் சிவப்புல கோடு போட்டு வெச்சிக்கீறாரு? நீயே தூங்குனேன்னு ஒத்துக்கினியேன்றாரு. நான் எங்க மேடம் ஒத்துக்கினேன்?”

கடைசி பாராவைப் பார்த்தேன். ‘எனவே ஐயா அவர்கள் என்னை மன்னிக்குமாறு வேண்டி, இனி இதுபோல் நடக்காது என்று உறுதியளிக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ என் ஆங்கிலத்தில் அது கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது. படிக்கிற யாருக்கும் சந்தேகமே வராது. ஆள் தப்பு செய்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறார், இனி செய்யமாட்டாராம்.

“இந்த பாராவை நீங்கதானே எழுதச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“நான் இன்னாத்த சொன்னேன்? அது லெட்டர்ல எப்பவும் வர்றதுதானே மேடம். அது இல்லன்னா மொட்டையா இருக்கும். சண்டைக்குப் போற மாதிரி இருக்கும்.”

நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தது இதே கடைதான்!

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. கடை திறந்த புதிதில், ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்த ஒருவருக்காக பாஸ்கர் ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்திருக்கிறார். அழகாக அமைந்துவிட்டதாம். அன்றிலிருந்து கம்பெனிக்குப் போகிற எல்லாக் கடிதத்துக்கும் அதுதான் அச்சு. மேலே ‘மதிப்பிற்குரிய ஐயா’, கீழே கடைசி பாரா. நடுவில் இருப்பதை மட்டும் அழித்து அழித்து மாற்றுவார். இந்தப் பக்கத்து ஆட்களும் அந்த பாரா இருந்தால்தான் கடிதத்துக்கு மரியாதை என்று பழகிவிட்டார்கள். தமிழ் படிக்கிற மேனேஜர்கள் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. அவர்கள் நடுப்பகுதியைப் படித்துவிட்டுக் கடைசி பாராவைக் கும்பிடு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“அப்போ அந்த போட்டோ?” என்று தேவராஜிடம் கேட்டேன். தூங்கியதற்கு சாட்சி, சூப்பர்வைசர் செல்போனில் எடுத்த ஒரு படம். மெஷின்மேல் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி நிற்கிறாராம்.

அவர் பாஸ்கரின் மேஜையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியை ஜெராக்ஸ் மெஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடினார். “இப்பிடித்தான் மேடம். அந்தாண்ட காதுல வெச்சிருந்தேன், போட்டோல தெரில. பதினாலு வருசமா அந்த மெஷினோட கீறேன். பேரிங் போறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி மொனகும். கண்ண மூடுனாத்தான் எங்கருந்து மொனகுதுன்னு புடிபடும்.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சாலையில் லாரிகூடப் போகவில்லை என்று நினைக்கிறேன்... அல்லது போனது என் காதில் விழவில்லை.

“பாஸ்கரு, உள்ள ஒரு ரோலரு தேஞ்சிகினு வருது. பார்த்துக்க” என்றார் கண்ணைத் திறக்காமல்.

வியாழக்கிழமை கடைசி விசாரணை. மேனேஜர் எழுதி அனுப்பிவிட்டால் வேலை போய்விடும். “பொண்ணு நர்ஸிங் சேரணும்னு கீது. ஊட்ல நான் ஒருத்தன்தான் வேலைக்குப் போறது. எங்கப்பாரு கவரைப்பேட்டையாண்ட அடுத்தவங்க வயல்ல கூலிக்கு நாத்து நட்டவரு மேடம். எங்க ஊட்ல மொதமொதல்ல ஐ.டி. கார்டு மாட்டுனது நான்தான். இது போச்சுன்னா ரொம்ப பேஜாரு.”

அவர் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த பாராவை எத்தனை தடவை மொழிபெயர்த்திருக்கிறேன்! ஒருமுறைகூட, ‘அதென்ன, எல்லாக் கடிதத்திலும் இது வருகிறதே’ என்று தோன்றவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. நான் எந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேனோ? அவர் கண்ணை மூடி விழித்திருந்தார். நான் கண்ணைத் திறந்துவைத்துத் தூங்கியிருக்கிறேன். சஸ்பெண்ட் ஆனது அவர்! வெட்கமாக இருந்தது.

மறுநாள் பாஸ்கரின் கம்ப்யூட்டரில் பழைய கடிதங்களைத் தோண்டினோம். கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தது என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். முடிவில், தன்னை மன்னிக்கும்படியும் இனி இதுபோல் நடக்காது என்றும் உறுதி கூறுகிறார். பல்லிக்காக அவர் எப்படி உறுதி கூறினாரோ, தெரியவில்லை. புது சேஃப்டி ஷூ கேட்டவர் மன்னிப்பு கேட்டிருந்தார். எனக்குப் பிடித்தது இன்னொன்று. தன் கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவு கேட்டவர், ‘இனி இதுபோல் நடக்காது’ என்று முடித்திருந்தார். பாஸ்கர் தலையில் கைவைத்துக்கொண்டு, “நைனா இப்ப சந்தோசமாத்தான் கீறாரு அக்கா, ரெண்டு பசங்க” என்றார்.

பெயர்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். கூடவே, என் கட்டுப்பாட்டை முதல் தடவையாக மீறி, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று அரைப்பக்கம் எழுதினேன். இந்த பாரா இந்த ஊரில் கடிதத்தை முடிக்கும் முறை, இதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

வியாழக்கிழமை காலை கம்பெனி கேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனேன். மேனேஜர் என்னைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். “நீங்கள் மொழிபெயர்ப்பாளர். அவர் பக்கம் ஏன் வாதாடுகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வாதாடவில்லை. என் வேலையைத் திருத்த வந்திருக்கிறேன்” என்றேன்.

காகிதங்களைப் புரட்டினார். பல்லியைப் படித்தார், முகம் மாறவில்லை. ஷூவைப் படித்தார். கல்யாணக் கடிதத்தில் நின்றார். இரண்டாம் முறை படித்தார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “இவர் வாக்கைக் காப்பாற்றினாரா?” என்று கேட்டார். காப்பாற்றிவிட்டார், இன்றுவரை அதே மனைவிதான் என்றேன்.

கிளம்பும்போது ஸ்க்ரூடிரைவர் விஷயத்தையும் சொன்னேன். தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் மேஜையில் சிவப்புப் பேனா மூடி திறந்தபடி கிடந்தது.

அடுத்த வாரம் தேவராஜுக்கு வேலை திரும்பக் கிடைத்தது! ரயிலில் பாஸ்கரிடமிருந்து போன் வந்தபோது, பக்கத்து சீட்டில் இருந்தவர் பயந்துபோகிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

ஆனால் கம்பெனி என்றால் வெறுமனே விட்டுவிடுமா? ஓர் எச்சரிக்கை மெமோவும் வந்தது. போன வெள்ளிக்கிழமை அதை என்னிடம்தான் தமிழில் பெயர்க்கக் கொடுத்தார்கள். ஒரே வரி. ‘பணி நேரத்தில் எக்காரணம் கொண்டும் கண்களை மூடக் கூடாது.’ பெயர்த்துக் கொடுத்தேன்.

மெமோவைப் பெற்றுக்கொண்டதாகவும், அதன்படி நடப்பதாகவும் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேவராஜ் அன்று மதியமே கடைக்கு வந்தார். ஷிஃப்டுக்குப் போகும் வழியில், யூனிஃபாரத்தோடு. கழுத்தில் ஐ.டி. கார்டு.

“எப்படி இருக்கு மெஷின்?” என்றேன்.

“ஓடினுகீது மேடம்.”

“அந்த முனகல்?”

“கீது மேடம். ஆனா எங்கன்னு தெரில. கண்ணத் தொறந்துகினு கேட்டா லைட்டு, ஆளு, ஃபேனு எல்லாம் கூடவே உள்ள பூந்துக்குது. கம்முனு என் வேலையப் பாத்துகினு வந்துடறேன்.”

“அவங்ககிட்ட சொல்லுங்களேன்!”

சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பாஸ்கர் தட்டச்சு செய்தார். மேலே மதிப்பிற்குரிய ஐயா வந்தது. நடுவில் இரண்டு வரி வந்தது. கடைசி பாராவுக்கு வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. பட்ட அடி அப்படி.

“நைனா, இத்த தூக்கிடட்டுமா?”

தேவராஜ் திரையை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

“இருக்கட்டும் பாஸ்கரு. இந்த தபா அது நெசந்தானே.”

பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, என் பக்கம் நீட்டினார். இனி இதுபோல் நடக்காது.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.